சீனன்குடாவில் ஆளில்லாமல் நின்ற ஆட்டோக்கள்

டானியல், ஸ்ரெலா, அப்பா இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழும்பினேன், பேச்சு வரவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே எழுதித் தருகிறேன். மற்ற விசுவாசிகளும் வாசிக்கட்டும்.

உங்கள் அண்ணா வேலை செய்த கப்பல் கடலில் தாழ்ந்துவிட்டது என்று கப்பல் கம்பனியிலிருந்து வியாழக்கிழமை அறிவித்தார்கள். காப்பாற்றிய சிலரைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து ஒரு ஹோட்டலில் வைத்திருக்கிறார்களாம். யார் யார் என்று சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. வெள்ளத்தால் வீதி மூடியிருந்தபடியால், மறுநாள் கொழும்பிலிருந்து போகும் சின்ன விமானத்தில் எனக்கு இடம் எடுத்துத் தந்தார்கள். உங்கள் அம்மா அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது.

திருகோணமலை விமான நிலையம் இருக்கும் சீனன்குடாவில் இறங்கினேன். ஹோட்டலிலிருந்து வான் வண்டி வரும் என்றிருந்தார்கள். வரவில்லை. போனில் சார்ஜ் இல்லை. புறப்படும்போதே கம்பனிக்காரர் ஹோட்டலின் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். ஓம், ஓம் என்றேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அந்த ஊருக்கு நான் முன்பின் போனதுமில்லை. விமான நிலைய வாசலில் நின்றவர் வீதியோரம் நின்ற ஆட்டோக்களைக் காட்டினார். போய்ப் பார்த்தால் ஒன்றிலும் சாரதி இல்லை.

நிற்க ஏலாமல் ஒன்றின் பின் ஆசனத்தில் ஏறி இருந்தேன். ஜெபிக்கப் பார்த்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு வழி தெரியாது" என்றேன். அவ்வளவுதான். வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. நான் கேட்டது எங்கும் போய்ச் சேரவில்லை என்றே நினைத்தேன்.

பிறகு தொப்பி போட்ட ஒருவர் வந்து என்னை எட்டிப் பார்த்தார்.

"ஐயா, சாரதி இல்லாம இது ஓடாது. நீங்க வந்த பிளேனும் அப்படித்தான்."

நான் சிரிக்கவில்லை. "ஏன் தம்பி ஒருத்தரும் இல்லை?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லா, ஐயா. எல்லாரும் ஜும்மாத் தொழுகைக்குப் போன. எங்க போகோணும்?"

"ஹோட்டலுக்கு. பேர் மறந்து போச்சு. கப்பல் பொடியன்மாரைக் கொண்டுவந்து வச்சிருக்கினமாம்."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஒங்கட மகனா?"

"ஓம். இருக்கிறானோ தெரியாது."

"இப்பதான் பள்ளிவாசல்ல அவங்களுக்காக எல்லாருமாச் சேர்ந்து துஆ கேட்டுட்டு வாறம். ஹோட்டல் உப்புவெளியில. நான் கொண்டு போறன். பின்னுக்குச் சாஞ்சு இரிங்க."

பிள்ளைகளே, ஒருவரும் இல்லையே என்று நான் நொந்துகொண்டிருந்த அந்த நேரம் முழுதும், என்னை அறியாத மனிதர்கள் என் மகனுக்காக ஆண்டவரிடம் கையேந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வழியில் துறைமுகத்தில் கப்பல்கள் நின்றன. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஹோட்டல் மண்டபத்தில் பொடியன்மார் யாரோ கொடுத்த சாரங்களை உடுத்திக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். மூலையில் அண்ணா இருந்தான். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் சூடு தெரிந்தது.

எனக்குப் பின்னால் திரியாய் என்ற ஊரிலிருந்து இன்னொரு தகப்பன் வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இவ்வளவு பேரும்தானா?" என்று கேட்டார். அவர் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். அவர் மகன் அங்கே இல்லை. ஏன் எனக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

தேவனுக்கு நன்றி சொல்கிறேன். அன்றிலிருந்து நம் வீட்டுக்கு மட்டும் கேட்டு ஜெபத்தை முடிக்க என்னால் ஏலாது. பெயர் தெரியாதவர்களுக்காகவும் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள். ஆண்டவருக்குக் கேட்கிறது, நம்புங்கள்.

அன்று பின்னேரம் அண்ணா நித்திரையானான். கப்பலில் அவன் போட்டிருந்த சேட் ஒரு பையில் உப்பும் எண்ணெயுமாக விறைத்துக் கிடந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அதை அலசினேன். பிறகு பிழிந்து, கொலரை நேராக்கி, ஜன்னலில் காயப் போட்டேன்.