நீலக்கோடு போட்ட முட்டை

உப்புத் தண்ணீரை ஜுமாகுல் திருடினாள் என்று சொல்கிற வாய்க்கு இந்த வீட்டில் தேநீர் கிடையாது, ரபிகா. கோப்பையைக் கீழே வை. லாரிக்காரனோடு ஓடினாள் என்றாய், பொறுத்தாயிற்று. மூத்த மச்சானை ஜெயிலுக்கு அனுப்பினாள் என்றாய், அதையும் கேட்டாயிற்று. இப்போது வாளி வாளியாக மொண்டுகொண்டு போனாளாம்! எந்த வாளி? யார் பார்த்தது? அவளுக்கு இரண்டு தொட்டி தள்ளி நின்று மீன் செதில் சுரண்டினவள் நீ. வெளியூர்க்காரி சொன்னால் ஏதோ தெரியாமல் சொல்கிறாள் என்று விடலாம். நீ சொன்னால் அது பொய். முதலிலிருந்து சொன்னால்தான் உன் வாய் அடங்கும். மற்றவர்களும் கேளுங்கள்.

ஜுமாகுல் இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது ஆரல் கடல், மீன் கொட்டகைக்குப் பின்னாலேயே கிடந்தது; இப்போதுபோல வற்றித் தூரமாகப் போகவில்லை. புருஷன் ஓராஸ் படகில் போகிறவன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். மாமனார் போருக்குப் போய்த் திரும்பவில்லை. மாமி ஸ்லிகாவையும் தம்பியையும் தாங்கியது மூத்தவன் இஸ்காக்தான். மீனுக்கு உப்புப் பிடிக்கவைக்கும் கொட்டகைக்கு அவனே மேற்பார்வை. புருஷன் வீட்டு ஆண்களின் பேர் மருமகள் வாயில் வரக் கூடாது. ஆளுக்கொரு பேரை அவளே வைத்துக்கொள்ள வேண்டும். ஜுமாகுல் மூத்தவனுக்கு வைத்த பேர் நிழல் மச்சான். எவ்வளவு மரியாதை இருந்தால் அப்படி ஒரு பேர் வரும்! ஒன்பது வருஷம் அந்தப் பேரைத் தவிர வேறு பேர் சொல்லி அவள் அவனைக் கூப்பிட்டதில்லை.

கொட்டகையில் அவளுக்கு உப்புத் தண்ணீர் கரைக்கும் வேலை. ஆள் உயரத் தொட்டியில் தண்ணீர் விட்டு, உப்பைக் கொட்டி, துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு பச்சை முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். வெறும் தண்ணீரில் அது அடியில் போய்ப் படுத்துவிடும். உப்பு ஏற ஏற எழுந்து வரும். மேலே வந்து, ஒரு நாணய அளவு ஓடு வெளியே தெரிந்தால் கரைசல் சரி, மீனைப் போடலாம்.

உப்புத் தண்ணீர் முட்டையை எப்படித் தூக்குகிறது என்று அவளிடம் கேட்டது நீதான், ரபிகா.

"முட்டைக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தியாடி?" என்று சிரித்தாய்.

"தொட்டி நெறஞ்சிருக்கும்போது அடித் தக்கையை நீ தட்டிவிட்ட இல்ல, தண்ணி எப்படிப் பாஞ்சுது?" என்றாள் அவள்.

"எதிர் சுவர்ல போய் அடிச்சுது. என் பாவாடையும் போச்சு."

"பாதித் தொட்டியா இருந்தா அவ்வளவு வேகம் வராது. ஆழம் கூடக் கூடத் தண்ணி அழுத்தித் தள்ளும். முட்டைக்கும் அதேதான். தலையில தள்ளுறதைவிட அடியில தள்ளுறது ஜாஸ்தி. அந்த ஜாஸ்திதான் தூக்குது. உப்புப் போட்டா தண்ணிக்குக் கனம் கூடுது, இன்னும் பலமாத் தூக்குது. அவ்வளவுதான்."

"அப்ப என்னையும் தூக்குமா?"

"உன்னைத் தூக்க இந்தக் கடல் உப்பு முழுக்க வேணும், போடி."

சிரித்துக்கொண்டு இருந்த கொட்டகைதான் அது.

அந்த வசந்தத்தில் இஸ்காக்குக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. வாரா வாரம் கூட்டுப்பண்ணையிலிருந்து புது முட்டை வருகிறதே, பழையது எங்கே போகிறது? "பொரிச்சுத் தின்னுறீங்களா? இனிமே ஒரே முட்டைதான். என் மேசையிலதான் இருக்கும்" என்றான். யாரும் மாற்றிவிடக் கூடாதென்று முட்டையைச் சுற்றி நீலப் பென்சிலால் ஒரு கோடு வேறு போட்டான். உப்பு அறைச் சாவியும் அவன் இடுப்பில். உப்பு அளக்கும்போது அவனே வந்து நிற்பான். முட்டை தலையைக் காட்டியதும், "போதும், நிறுத்து" என்பான்.

கோடை ஏறியது. முட்டை அதே முட்டை. பழைய முட்டையை எந்த வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்போம்? தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். மிதந்தால் தூக்கி எறிவோம். ஓட்டின் வழியாக ஈரம் போய்விடும், அந்த இடத்தில் காற்று வந்துவிடும். அளவு குறையாது, எடை குறையும். எடை போன பண்டத்தைக் கனமில்லாத தண்ணீரும் தூக்கும். அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்தது, கொட்டகைக்குள் வந்ததும் எல்லோருக்கும் மறந்தது. ஒருத்திக்கு மட்டும் மறக்கவில்லை.

"நிழல் மச்சான், இந்த முட்டை சீக்கிரமா மேல வருது. நாக்குல வச்சுப் பார்த்தா உப்புப் பத்தல. புதுசு ஒண்ணு குடுங்க."

"முட்டை பொய் சொல்லுமா? உன் நாக்குதான் பொய் சொல்லும்."

"வெயில் காலம் மச்சான், மீன் தாங்காது."

"உப்பு மிச்சமாகுதுன்னு மேல இருக்கறவங்க என்னைத்தான் பாராட்டுறாங்க. உனக்கு என்ன வலி?"

நான்கைந்து தரம் கேட்டாள். கடைசித் தரம் எல்லோர் முன்னாலும், "முட்டை திங்க ஆசையா இருந்தா உங்க அப்பன் வீட்டுக்குப் போ" என்றான். நீயும் சிரித்தாய், ரபிகா. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ரயிலடிக்குப் போன கெண்டை மீன் பீப்பாய்கள் திரும்பி வந்தன. மூடி உப்பி, ஓரத்தில் நுரை கசிந்து, தெரு முழுக்க நாற்றம். அத்தனையும் அரசாங்கச் சொத்து. மேலிடத்திலிருந்து அதிகாரி வந்து உட்கார்ந்தார். இஸ்காக் எழுந்து நின்று என்ன சொன்னான்? "என் கண் முன்னால முட்டை மிதந்தது. நான் போன பிறகு இவ உப்புத் தண்ணியை வீட்டுக்கு மொண்டுட்டுப் போய், தொட்டியில பச்சைத் தண்ணியை ஊத்தியிருக்கா." சொந்தத் தம்பி பெண்டாட்டியை! ஒரே சட்டியில் சாப்பிடுகிறவளை!

வீட்டில் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒத்துக்கோ கண்ணு. பொம்பளைன்னா ஏசிட்டு விட்டுருவாங்க. அவனைன்னா உள்ள தள்ளிருவாங்க. குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்."

"திருடின்னு பேர் வந்தா நான் எங்க மாமி நிப்பேன்?"

"நாங்க உன்னைத் திருடின்னு சொல்லுவோமா?"

"அங்க சொன்னது யாரு மாமி? அசலூர்க்காரனா?"

மறுநாள் கூட்டத்தில் அவளை எழுப்பினார்கள். ஊரே இருந்தது. அவள் அதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பொய் சொல்லாத அந்த முட்டையைக் கொண்டாரச் சொல்லுங்க." மேசையிலிருந்து எடுத்து வந்தார்கள். கதவோரம் எல்லோரும் குடிக்கிற தண்ணீர் வாளி இருந்தது. ஒரு கை மொண்டு அதிகாரிக்குக் கொடுத்தாள். அவர் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர் என்றார். அந்த வாளியிலேயே முட்டையைப் போட்டாள். ஒரு கல் உப்புக்கூட இல்லாத தண்ணீரில் அது மொட்டைத் தலையைத் தூக்கிக்கொண்டு மிதந்தது.

இஸ்காக் முகம் வெளுத்துவிட்டது. அந்த நிமிஷம் அவனுக்குப் புரிந்துவிட்டது. அதுவரை அறியாமல் செய்தான் என்று மன்னித்துவிடலாம். புரிந்த பிறகும் என்ன சொன்னான் தெரியுமா? "முட்டையை மாத்திட்டா."

அப்போதுதான் அவள் திரும்பினாள். தலைத்துணி நழுவியதைக்கூடச் சரிசெய்யவில்லை.

"இஸ்காக்! இந்த நீலக்கோடு யார் போட்டது? உன் பென்சில்தானே? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, இஸ்காக்!"

பேர் சொல்லி, நீ என்று சொல்லி, அதுவும் இரண்டு தரம். பெண்கள் சட்டைக் கழுத்தைக் கிள்ளிக்கொண்டு தௌபா, தௌபா, பாவம் மன்னிக்கப்படட்டும் என்றார்கள். பெரியவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். வாளியை யாரும் பார்க்கவில்லை. முட்டை அங்கே மிதந்துகொண்டே இருக்கிறது, ஊருக்கு அவள் வாய்தான் பெரிய குற்றமாகப் போயிற்று. அதிகாரி வெளியூர்க்காரர், எதற்கு இந்தக் கூச்சல் என்று அவருக்குப் புரியவில்லை. "நாளைக் காலையில முடிவா சொல்லணும். அந்தப் பொண்ணும் வந்து இன்னொரு தடவை சொல்லட்டும்" என்று எழுந்துவிட்டார்.

விடிந்ததும் மாமி, இஸ்காக், ஓராஸ் மூன்று பேரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஜுமாகுல் பாலூற்றித் தேநீர் கொடுத்தாள். யாரும் கோப்பையைத் தொடவில்லை.

"போய், நேத்து கோவத்துல பேசிட்டேன், முட்டையை மாத்தினது நான்தான்னு சொல்லு" என்றாள் மாமி. "பேர் சொன்னதுக்கு நான் மன்னிச்சுட்டேன்."

"நீங்க மன்னிச்சுட்டீங்களா? நான் மன்னிக்கலையே மாமி."

"பாத்தியா, வாயைப் பாத்தியா!" என்றான் இஸ்காக்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. நான் எடுத்தேனா?"

ஓராஸ் விரிப்பில் இருந்த ரொட்டித் துணுக்கைப் பொறுக்கினான்.

"நம்ம வீட்டுல ஒரு சொட்டு உப்புத் தண்ணி பார்த்தீங்களா?"

"இல்ல."

"அதை அங்க வந்து சொல்லுவீங்களா?"

"அவரு அண்ணன், ஜுமாகுல்... என்னை வளர்த்தவரு. ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துரு. அப்புறம் நான் உன்னைக் கண்ணு மாதிரி வச்சுப்பேன்."

"திருடியை வச்சுப்பீங்க. எனக்கு அந்த வீடு வேண்டாம்."

இதுதான், ரபிகா, நடந்தது. லாரியும் இல்லை, லாரிக்காரனும் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், மூன்று பேருக்கும் உண்மை தெரிந்திருந்தது, அவளைப் பொய் சொல்லச் சொன்னார்கள். அவள் எழுந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிக் காப்பைக் கழற்றித் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். காலணியை மாட்டும்போது மாமி கேட்டாள்:

"அங்க போய் என்ன சொல்லப்போற?"

"நேத்து சொன்னதையேதான்."

"அதைச் சொல்லிட்டு இந்த வாசல்ல கால் வைக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும் மாமி. அதான் காப்பை வச்சுட்டுப் போறேன்."

கதவைத் திறந்தாள். கடற்காற்று மண்ணை வாரிக்கொண்டு உள்ளே வந்தது. கதவை மூடு என்று மாமி கத்தினாள். மூடாமலே போனாள்.