கடைசி ஐந்து கிலோமீட்டர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலாக்கா தஞ்சோங் பிடாரா கடற்கரைச் சாலையில் நடந்தது இது. சில நூறு பேர் மட்டும் ஓடுகிற சின்ன மாரத்தான். பெரிய நகரங்களில் நடப்பதைப் போலப் பாட்டு, வெளிச்சம், கூட்டம் எதுவும் கிடையாது. அன்றைக்கு நல்ல குளிர். மலாக்காவில் குளிர் ஏது என்று கேட்பீர்கள். டிசம்பர் விடியற்காலையில் கடற்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது, கையில்லாத பனியனோடு வந்து நின்று பாருங்கள், பிறகு பேசலாம்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. செங் தொழிற்பேட்டையில் டெக்னீசியன் வேலை, குருபோங்கில் வீடு. ஓட்டத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். செலண்டாரில் இருக்கும் என் அண்ணனிடம் மாரத்தான் ஓடப் போகிறேன் என்று சொன்னதும், "எந்த நாய்டா தொரத்துது ஒன்னைய?" என்றுதான் கேட்டார்.

நாய் எதுவும் துரத்தவில்லை, வீடுதான் துரத்தியது. என் மனைவி வேலை பார்த்த பிரிவை இங்கே மூடிவிட்டார்கள். அவள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள். மகளும் மெட்ரிகுலேஷன் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல்தான் ஒரு நாள் எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றி ஓடினேன். உடம்பு களைத்ததில் தூக்கம் வந்தது. மறுநாளும் ஓடினேன். அப்படியே அது ஒட்டிக்கொண்டது.

தினமும் ராத்திரி அவளுக்குப் போன் செய்வேன். பேசுவதெல்லாம் நான்தான். தண்ணீர் பில் கட்டியாச்சு, கேஸ் மாற்றியாச்சு, மகள் போன் பண்ணினாள், இன்றைக்கு இவ்வளவு தூரம் ஓடினேன் என்று வரிசையாக ஒப்பிப்பேன். அவள் பக்கமிருந்து "ம்ம்", "சரி", "வச்சிடவா?" இவ்வளவுதான் வரும். வீட்டுக்கு வந்தாலும் ஓய்வில்லை. துணி துவைப்பாள், சமைத்து டப்பா டப்பாவாக ஃபிரீசரில் அடுக்குவாள், அசதியில் தூங்கிவிடுவாள். இப்படியே ஒரு வருடம் போனதும் எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் நினைக்கிற மாதிரி சந்தேகம் இல்லை. நான் இல்லாமலே இருக்க அவளுக்குப் பழகிவிட்டதோ என்கிற பயம். கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு கடற்கரைக்கு வந்தாள். விடுமுறைக் காலத்தில் சிங்கப்பூருக்குள் நுழையும் ஜொகூர் பாலத்தில் ஜாம் தாங்காது என்பதால், வழக்கமான சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். நான் போட்ட கணக்கு இதுதான்: ஒன்பதரைக்குள் ஓடி முடித்துவிட வேண்டும், இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட வேண்டும், பிறகு அவளை மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். மெடலைவிட அந்த நாசி லெமாக்தான் என் கண்ணிலேயே நின்றது. என் போன் மழையில் நனைந்துவிடும் என்று அவளிடமே கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "விழுந்து கிழுந்து வைக்காதீங்க" என்றாள். கார் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள்.

பாதி தூரம்வரை நன்றாகத்தான் ஓடினேன். தூறல் இருந்தது, குளிர் இருந்தது, ஆனால் கால் சொன்னபடி கேட்டது. திரும்புகிற இடத்தைத் தாண்டியதும் காற்று எதிரே வந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, மழை பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தது. தென்னை மட்டை ஒன்று எனக்கு முன்னால் வந்து விழுந்தது. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இடி இடிக்கத் தொடங்கிவிட்டது. ஏற்பாட்டாளர்கள் விசில் ஊதி, ஓடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் ஆங்காங்கே தண்ணீர் கொடுக்கும் இடங்களில் நிறுத்திவிட்டார்கள். மின்னல் அடங்கும்வரை யாரும் நகரக் கூடாது என்றார்கள்.

நான் ஒதுங்கிய இடம் பூட்டிக் கிடந்த சாப்பாட்டுக் கடையின் தகரக் கூரை. அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து ஊர் சர்ச்சிலிருந்து வந்த தமிழர்கள். சனிக்கிழமை சாயங்காலமே பூசை பார்த்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் வயதான அக்கா ஒருவர் பிளாஸ்கிலிருந்து சூடாக மைலோ ஊற்றிக் கொடுத்தார். நான் சொட்டச் சொட்ட நனைந்து நிற்பதைப் பார்த்துத் தன் துண்டையும் எடுத்துப் போர்த்திவிட்டார்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. ஒன்பது மணி ஆகிவிட்டது. எனக்கு அழுகை வராத குறை. போன் செய்யலாம் என்றால் அவளுடைய சிங்கப்பூர் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. கட்டிய மனைவியின் நம்பர் தெரியவில்லை என்பது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு! என்னுடைய நம்பர் மட்டும் தெரியும். அந்த அக்காவின் போனை வாங்கி என் நம்பருக்கு நானே அடித்தேன்.

"ஹலோ, அவரு ஓடிக்கிட்டு இருக்காரு. நீங்க யாரு?" என்றாள் மனைவி.

"நான்தாம்மா" என்றேன். விவரத்தைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் வந்த காவல் தன்னார்வலர் ஒருவர், மின்னல் நின்றதும் முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போகத் தயாராக இருந்தார். "நான் மோட்டார்ல ஏறி வந்துர்றேன். ஒரு மணி நேரமாச்சும் ஒன்கூட இருக்கலாம்லா" என்றேன்.

"வேணாம். ஒரு வருசமா இதத்தானே பேசிக்கிட்டு இருந்தீங்க? ஓடி முடிங்க."

"அப்போ ஒன் பஸ்ஸு? கிராப் டாக்சி கூப்பிட்டு நீயே போயிருவியா? கார் சாவிய ஏற்பாட்டாளருங்க கூடாரத்துல குடுத்துட்டுப் போ."

"சரி."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். ஒரு "பார்த்து வாங்க" கூட இல்லை. அந்த 'சரி' என்னை என்னவோ செய்துவிட்டது. நான் பயந்தது உண்மையாகிவிட்டது, இவளுக்குப் பழகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னா தம்பி சொல்றாங்க வீட்டுல?"

"ஓடச் சொல்றா."

"அப்புறம் என்னா லா? ஓடுங்க" என்று துண்டை வாங்கிக்கொண்டார்.

மின்னல் நின்றதும் எங்களை ஓட விட்டார்கள். மோட்டார்காரர் வண்டியை என் பக்கத்தில் நிறுத்தி, ஏறுகிறீர்களா என்று மலாயில் கேட்டார். ஏறிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. ஏறிப் போய், அவள் கிளம்பிவிட்ட வெறும் காரைப் பார்ப்பதற்கு ஓடுவதே மேல் என்று தலையாட்டி மறுத்துவிட்டேன். நின்றிருந்த நேரத்தில் கால்கள் இறுகிப்போயிருந்தன. கொஞ்ச தூரத்திலேயே வலது கெண்டைக்காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. ஓடுவதும் நொண்டுவதுமாகப் போனேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். சாலையில் நானும் மழையும்தான். அவள் இந்நேரம் கிராப்பில் ஏறியிருப்பாள், இந்நேரம் டோல் சாவடியைத் தாண்டியிருப்பாள் என்று மனம் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

மலாய்க் கம்பத்து வீடுகள் முடிந்து சாலை வளைகிற இடத்தில், எதிரே ஒரு பெண் குடையோடு நடந்து வருவதைப் பார்த்தேன். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தாள். செருப்பு கையில் இருந்தது. குடை காற்றில் இரண்டு தரம் மடங்கியது, இரண்டு தரமும் திட்டிக்கொண்டே நிமிர்த்தினாள். அந்தத் திட்டைக் கேட்டபிறகுதான் என் மனைவி என்பதையே நம்பினேன்.

"பஸ்ஸு?" என்றேன். 

"ராத்திரிக்கு மாத்திட்டேன். காலையில எறங்கி நேரா வேலைக்குப் போயிருவேன்."

"போன்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னா, மழையில வராதன்னு அரை மணி நேரம் பேசுவீங்க. அந்த நேரத்துல நடந்துரலாம்னு வந்துட்டேன்."

இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது. என்னால் ஓட முடியவில்லை. அவள் என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். குடையை மடக்கிவிட்டாள், அந்தக் காற்றில் அது யாருக்கும் பிரயோசனம் இல்லை. நடக்க ஆரம்பித்தோம். என் மனதில் இருந்ததை அப்போதுதான் கேட்டேன். மழையும் காலும் கொடுத்த தைரியமாக இருக்கும். "அங்க ஒனக்குப் பழகிருச்சா? போன்ல ரெண்டு வார்த்த பேசமாட்டேங்கிறியே" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "ஒரு ரூம்ல நாலு பேரு. ஒருத்திக்கு நைட் ஷிப்ட், மத்த மூணு பேருக்கும் டே ஷிப்ட். நீங்க கூப்பிடுற நேரத்துல ஒருத்தி தூங்கிக்கிட்டு இருப்பா, இன்னொருத்தி நான் என்னா பேசுறேன்னு கேட்டுக்கிட்டு இருப்பா. நான் அங்க உக்காந்து ஒங்கள நெனைச்சேன், மனசு தேடுதுன்னு எப்படிங்க சொல்றது?"

நான்கு பேர் தங்கும் அறை என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த வாரமே சொன்னாள்தான். ஆனால் அந்த அறைக்குள் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் பேசினாள் பாருங்கள், ஒரு வருடத்துப் பேச்சு! வீட்டிலிருந்து கொண்டுபோகும் சம்பலை ஒரேயடியாகத் தீர்த்துவிடாமல், நாளுக்கு ஒரு கரண்டியாக வைத்துச் சாப்பிடுவாளாம். பஸ் பாதி வழியில் யோங் பெங் ஊரைத் தாண்டும்வரை பக்கத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் சொல்லமாட்டாளாம். எங்கள் தாமானில் நான் ஓடுகிற வழியில் இருக்கும் கறுப்பு நாய் இன்னும் குரைக்கிறதா என்று கேட்டாள். நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள். நான் ஒப்பித்த பில்லும் கேஸும் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தன. கேட்கக் கேட்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழுவுறீங்களா?"

"கால் வலிம்மா."

"ஆமா, கால் வலிதான்" என்று சிரித்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மின்னலுக்காக ஓடி முடிக்க வேண்டிய கெடு நேரத்தை நீட்டியிருந்ததால் என் பெயர் தப்பியது. முடிவுக் கோட்டுக்கு முன்னால் அவள் கையை விடுவித்துக்கொண்டு, "எனக்குச் சட்டையில நம்பர் இல்ல, நான் ஓரமா வர்றேன்" என்றாள். விடவில்லை, இழுத்துக்கொண்டு போனேன். மெடல் போட்டுவிட்ட பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே என் மனைவி கையில் கொடுத்துவிட்டாள். கடலோரக் கடைகளில் நாசி லெமாக் தீர்ந்துபோயிருந்தது. காரில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டோம். அன்று ராத்திரி பஸ் ஏறும்போது அவள் தலைமுடி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். எப்போது திரும்பி வருவாள் என்று எங்களுக்கே தெரியவில்லை. இப்போது வாரத்தில் ஒருநாள் அறையைவிட்டு இறங்கி, கீழே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள். அவளுடைய நம்பரும் எனக்கு மனப்பாடம். நான் அதற்குப் பிறகும் சில மாரத்தான்கள் ஓடிவிட்டேன், நேரமும் குறைந்திருக்கிறது. கூட ஓடுகிற நண்பர்கள், அந்த முதல் மாரத்தானை ஏன் அவ்வளவு மோசமான நேரத்தில் முடித்தாய் என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். அவர்களிடம் எதையும் விளக்குவதில்லை. அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஓடிவிட்டு வந்து ஷூவைக் கழற்றும்போதெல்லாம், அந்த ஐந்து கிலோமீட்டரை இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்திருக்கலாமே என்றுதான் மனம் கிடந்து ஏங்குகிறது.