மூன்றாவது கேள்வி

அடையாள அட்டையை அவர் இன்னும் கையிலேயே வைத்திருந்தார். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு வாசலில், ஒரு ஞாயிறு பிற்பகலில், வியர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டையுடன் அந்த இளைஞரை நான் முதன்முதலாகக் கண்டது அப்படித்தான். காலி வீதிச் சந்தியின் சோதனைச் சாவடியில் அரை மணித்தியாலம் நிறுத்திவைத்துவிட்டார்கள் என்று சொல்லித் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அட்டையைச் சட்டைப்பையில் வைக்க மறந்துபோயிருந்தார். என் தங்கை அதைக் கவனித்து மெல்லச் சிரித்தாள். அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார் அவர். தாய் தந்தை இல்லாத வீட்டில் சம்மதம் சொல்லவேண்டியவன் நான்.

இருவரும் பம்பலப்பிட்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தார்கள். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தந்தை துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். மதம் எனக்கொரு தடையல்ல என்று தங்கையிடம் முன்னரே சொல்லியிருந்தேன். அதைச் சொன்னபோது எனக்குள் சற்றுப் பெருமிதமும் இருந்தது. அக்காலத்தில் நான் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மனப்பாங்கு, தப்பெண்ணம், பக்கச்சார்பு ஆகியவையே என் பாடம். சோதனைச் சாவடியையே உதாரணமாக எடுத்து விரிவுரை செய்வேன். “கம கொஹெத?” என்று சிப்பாய் கேட்கிறான், ஊர் எது என்பதற்குமேல் அந்தச் சிங்கள வார்த்தைகளில் ஒன்றுமில்லை, ஆனால் பதில் விழவேண்டிய பெட்டிகளை அவன் மனம் முன்கூட்டியே செய்துவைத்திருக்கிறது என்பேன். மாணவர்கள் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அந்தச் சாவடிகளில் நானும் பலமுறை நின்றவன் என்பதால் என் குரலில் ஒரு நியாயமான கோபமும் இருந்திருக்கும். விடைத்தாள்களோடு வீடு வரும்போது தங்கை கேலி செய்வாள். “அண்ணா, உங்கட வினாக்கொத்தை ஒருநாளைக்கு உங்களுக்கே குடுத்துப் பாருங்கோ. எத்தினை புள்ளி வருதெண்டு பாப்பம்.”

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதியவர் ஒருவரைக் கண்டால் ஊரைக் கேட்போம். அடுத்து ஊரில் எவடம் என்போம். பிறகு எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம், பேரனார் என்ன செய்தவர் என்று போகும். நாலைந்து கேள்விகளில் வந்தவரின் சாதி எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் உச்சரிப்பதில்லை. கேட்பவர் சிரித்த முகத்தோடுதான் கேட்பார். அதை உபசரிப்பு என்றே நினைத்திருப்பார். நானும் அப்படியே நினைத்திருந்தேன்.

தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பேச்சைத் தொடங்குவதற்காக அவருடைய ஊரைக் கேட்டேன். கொட்டாஞ்சேனை என்றார். அது எனக்கு முன்னரே தெரியும். “அது சரி, சொந்த ஊர்?” என்றேன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான், அப்பாவும் அங்கேதான் பிறந்தார் என்றார். முகம் மாறவில்லை, ஆனால் கோப்பையை எடுக்கப்போன கை நின்றுவிட்டது. தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்கியது. விளங்கியும் கேட்டேன்.

“அப்பான்ர அப்பா எவடம்?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “சந்தியில ஆமிக்காரனும் இதத்தான் கேட்டான், சேர். அவன் ரெண்டு கேள்வியோட விட்டுட்டான்.”

குரலை உயர்த்தவில்லை. ஆறிக்கொண்டிருந்த தேநீரை முழுவதுமாகக் குடித்து முடித்தார். தங்கையிடம் தலையசைத்து விடைபெற்றுப் படியிறங்கினார்.

நான் மறுக்கவில்லை, ஒரு கேள்விதானே கேட்டேன் என்று அன்றைக்கே தங்கையிடம் வாதாடினேன். அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். “நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் நாங்கள் பதிவெழுதிக் கலியாணம் முடிச்சிருப்பம், அண்ணா” என்றாள். பத்து நாட்களின் பின், இது முடிந்துவிட்டது என்று அறிவித்தாள். காரணம் கேட்டேன். “நாளைக்குப் பிள்ளையளிட்டயும் கேப்பீங்கள் எண்டு அவர் பயப்பிடுறார். கேக்கமாட்டீங்கள் எண்டு என்னாலயும் சொல்ல முடியேல்லை.”

பிறகு அவள் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை. வந்த சம்பந்தங்களை மறுத்துவிட்டாள். அவர் வேறோர் அலுவலகத்துக்கு மாறிப்போனார் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். அந்த வீட்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் ஒன்றாக வாழ்ந்தோம். அவள் என்மீது அன்பில் குறை வைத்ததில்லை. ஆனால் புதிதாக எவராவது வந்தால், என் மாணவரோ, கீழ்வீட்டுக்குக் குடிவந்தவரோ யாராயினும், கைவேலையைப் போட்டுவிட்டு வந்து எதிரில் அமர்ந்துகொள்வாள். அவர்கள் எழுந்து போகும்வரை அசையமாட்டாள். அவளுக்குக் கதை பிடிக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது காவல் என்பது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

சென்ற மாதம் அவள் இறந்துபோனாள். மரண அறிவித்தலைப் பத்திரிகைக் காரியாலயத்துக்குத் தொலைபேசியில் நானே சொன்னேன். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும் வழமையான வாசகம். வடக்கிலுள்ள எங்கள் கிராமத்தின் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நா எங்கும் தடுக்கவில்லை. மறுநாள் அவள் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில், உறவினர்களின் வரிசையிலிருந்து சற்று விலகி, நரைத்த தலையோடு ஒருவர் நெடுநேரம் நின்றார். என்னை நோக்கி நடந்து வந்தபோதுதான் அவரை அடையாளம் கண்டேன். என் கையைப் பற்றினார். மற்றக் கையில் அன்றைய பத்திரிகை மடித்தபடி இருந்தது.

“பொறந்த இடத்தப் பிழையாப் போட்டுட்டாங்க, சேர்” என்றார், பிறருக்குக் கேட்காத குரலில். “அவங்க கொழும்புல பொறந்தவங்க. எனக்குச் சொல்லியிருக்காங்க.”

அச்சுப்பிழை என்றே அவர் எண்ணியிருந்தார், அல்லது அப்படி எண்ண விரும்பினார். நான் ஓம் என்று தலையசைத்தேன். பாடசாலை விடுமுறைகளில் போய்வந்ததைத் தவிர எங்கள் கிராமத்துக்கும் அவளுக்கும் தொடர்பில்லை. அவள் கொழும்பில் பிறந்தது நான் அறியாத செய்தியல்ல. எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் விரலைப் பிடித்தபடி கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றின் படிகளில் ஏறி, பிறந்த அன்று மாலையே அவளைப் பார்த்தவன் நான்.