வெள்ளை பெட்ஷீட்டில் விழுந்த பொத்தல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோனோம். போர்வெல் தண்ணீர் துருவாக வந்தது. நானோ வெள்ளை பெட்ஷீட் பைத்தியம். வகுப்பில் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் பெட்ஷீட்டுக்கும் சட்டம் போட்டிருந்தேன். வாரம் ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றி விரிக்க வேண்டும், நிழலில்தான் உலர்த்த வேண்டும், துவைக்கிற கல்லில் அடிக்கவே கூடாது. இப்படிச் செய்தால் பத்து வருஷம் உழைக்கும் என்று அக்கம்பக்கத்தில் பாடம் வேறு எடுப்பேன்.

துணி துவைக்க வந்த அக்கா என்னைவிட மூத்தவர். எங்கள் தெருவில் மூன்று வீடுகள்தான் அவருக்குப் பிழைப்பு. நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்.

ஒரு சனிக்கிழமை கொடியிலிருந்து பெட்ஷீட்டை எடுத்தால், நடுவில் ஐந்தாறு பொத்தல். தெருவாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கல்லுல அடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் அடிக்கலமா. நீ சொன்னாமாரி கசக்கித்தான் போட்டேன்."

"பின்ன தானா கிழிஞ்சுதா? நாளையிலேர்ந்து வர வேணாம்."

மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே அவர்களும் அவரை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு புது பெட்ஷீட் வாங்கி நானே துவைத்தேன். இரண்டே மாதத்தில், அந்த அக்காவின் கையே படாத அதிலும் அதே மாதிரி பொத்தல்கள். எல்லாம் துருக்கறை இருந்த இடங்களில். அப்போதுதான் உறைத்தது. கறை போவதற்காக முந்தின நாளே பிளீச்சிங் பவுடரைக் கரைக்காமல் அப்படியே தூவி ஊறவைப்பது என் வழக்கம். கறை போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் தூவுவேன். அக்கா வருவதற்குள் அலசி வாளியில் போட்டுவிடுவேன். நூலைத் தின்றது என் பவுடர்.

இதுவரை முட்டாள்தனம். இதற்கு மன்னிப்பு உண்டு. இதற்குப்பின் செய்ததற்குத்தான் கிடையாது. யார் கண்ணிலும் படுவதற்குள் அந்தப் பெட்ஷீட்டை வெட்டித் தலையணை உறையாகத் தைத்துவிட்டேன். அக்கா வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பத்து நிமிஷ நடை. போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

சில மாதம் கழித்து தாம்பரம் மார்க்கெட்டில் எதிரே வந்துவிட்டார். இளைத்திருந்தார். கீரைக்கட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவரே கிட்டே வந்தார்.

"நல்லா கீறியாமா? அந்த பெட்ஷீட்டு... ரொம்ப யோசிச்சிப் பாத்தேன். ஏதோ ஞாபகத்துல நான்தான் கல்லுல அடிச்சிருப்பேன் போல கீது. டீச்சரு, நீ பொய்யா சொல்லுவ? மனசுல வச்சிக்காதமா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"பரவாயில்லக்கா, விடுங்க. நான் அப்பவே மறந்துட்டேன்."

அவர் முகம் தெளிந்தது. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.