ஊர்ப்பேர் கேட்கப் போன ஏழு மாதம்

ஊர்ப்பேர் எழுதும் வேலை என்பது வெயிலில் நடந்து போய், பேர் கேட்டு, திட்டு வாங்கி, அதையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பது. இதே வேலையில் செருப்புத் தேய்த்தவர்கள் தலையாட்டுவீர்கள். கடைசியில் வயிறு வலிக்கச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். உடனே சொல்ல மாட்டேன். நான் பட்ட பாட்டில் கொஞ்சம் நீங்களும் படுங்கள்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எண்ணூர்ப் பக்கம் நிலப்படம் போட வந்த சர்வேயருக்கு ஏழு மாதம் எழுத்தராக இருந்தேன். யார் பேசினாலும் ஐந்தே நிமிடத்தில் அந்தக் குரல் என் தொண்டைக்கு வந்துவிடும். சர்வேயரின் மூக்குக் குரலில் கூடாரத்துக்குள்ளிருந்து காபி கேட்பேன். சமையற்காரர் பயபக்தியோடு வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

யாருக்குப் பேர்?

காத்திவாக்கத்துக்கு வடக்கே உப்பங்கழியோரம் பத்துக் குடிசைகள். கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தவரிடம், "இந்த இடத்துக்கு என்ன பேர்?" என்றேன். காதில் விழாதவர்போல் இரண்டு கண்ணி முடிந்தார். மறுபடி கேட்டேன். இன்னும் இரண்டு கண்ணி. கடைசியில் சர்வேயர் குரலில் அதட்டிப் பார்த்தேன். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க இங்கியே கீறோம் நைனா, எங்களுக்கு இன்னாத்துக்குப் பேரு? வயி தெரியாம வர்றவன் ஒண்ணு வச்சிக்கினு போவட்டும்."

ராஜா வந்த ஊர்

பேர் மட்டும் போதாது, அது எப்படி வந்தது என்றும் எழுத வேண்டும். திருவொற்றியூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில், வேட்டைக்கு வந்த ராஜா தண்ணீர் குடித்ததால் வந்த பேர் என்றார்கள். எழுதிக்கொண்டேன். அடுத்த ஊர் மணியக்காரர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. மோர் வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து காதருகே குனிந்தார்.

"அவங்களுக்கு ஒரு ராஜாதானே? நமக்கு ரெண்டா போட்டுக்க தம்பி. மோரு இன்னும் கீது."

மூன்று சாட்சிகள்

இதோ சிரிப்பு. இல்லை, முதலில் கொஞ்சம் அழுகை. கடலோரக் குப்பம் ஒன்றில் அஞ்சலை என்கிற மீன்காரி என்னை வழிமறித்தாள். "படத்துல எங்க குப்பம் இல்லன்னா, வெறும் மணலுன்னு சொல்லி உப்பளத்துக்குக் குடுத்துடுவாங்களாம். புள்ளைங்கள இட்டுக்கினு நாங்க எங்க போறது?" என்றாள். பேர் ஏற மூன்று சாட்சி வேண்டும். ஆண்கள் சாட்சியைத்தான் சர்வேயர் எடுப்பார். ஆண்களோ கடலில், மறுநாள்தான் திரும்புவார்கள். எங்கள் கூடாரமோ அன்று சாயங்காலமே கிளம்புகிறது.

சர்வேயருக்குக் கருவாட்டு வாடை ஆகாது. கூடாரத்துணியை இறக்கிவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு உள்ளே உட்கார்ந்தபடியே கேள்வி கேட்பார். பதில் சொன்னவன் துணி இடுக்கில் இடது கையை நீட்ட வேண்டும். கையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் கட்டைவிரலில் மை தடவி, நோட்டில் அழுத்திக்கொள்வார். ஆளைப் பார்ப்பதே கிடையாது. எனக்கு இது போதாதா?

முதலில் தொண்டை கட்டிய கிழவர் கண்ணாயிரம் ஆனேன். பேர் சொல்லி, விரல் கொடுத்து, மையை மணலில் தேய்த்தேன். அடுத்தது, வாய் நிறைய வெற்றிலையோடு எல்லப்பன். அஞ்சலையும் மற்றப் பெண்களும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். மூன்றாவது, மீசை முளைத்த மிடுக்கில் இளவட்டம் முருகேசன். கனைத்துக்கொண்டு கையை நீட்டினேன். உள்ளே விரல் இறுகப் பிடிபட்டது. எந்தக் குரலில் அலறுவது என்று தெரியாமல் நின்றேன்.

"முருகேசா, நான் இன்னும் மையே தடவலை, அதுக்குள்ள விரல் கறுப்பா வந்திருக்கே. இதை நான் விடறதா இல்லை. வெளியில சிரிக்கிற பொம்பளைங்கள்ல மூணு பேரை ஊர்ப்பேருக்கு சாட்சி சொல்லக் கூப்பிடு. உன் சொந்தக் குரல்ல கூப்பிடு."

அன்று சாயங்காலம் குப்பம் படத்தில் ஏறியது, நான் வேலையிலிருந்து இறங்கினேன்.