பட்டியலின் முதல் வரி

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். உச்சந்தலையில் தண்ணீர் விழுகிற அந்த நேரத்தில் எனக்குப் பெயர் கிடையாது, வேலை கிடையாது, வீட்டில் அரைத்து வைத்த மாவு புளித்துக்கொண்டிருப்பதுகூட நினைவில் இருக்காது. அப்போது பக்கத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க நின்ற ஒரு அம்மா என் தோளைத் தட்டினாள்.

"டீச்சர், பிள்ளைக்கு நூத்தி எழுவத்தெட்டு! கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்குமா?" என்று கத்தினாள்.

அருவிக்கு அடியில் நிற்கிறவளின் தலை ஆடாமல் என்ன செய்யும்? அவள் அதைக் 'கிடைக்கும்' என்று எடுத்துக்கொண்டு, பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அருவிக்குள் நின்றுகொண்டு யாரும் ரொம்ப நேரம் கோபப்பட முடியாது.

நான் தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைச் சொன்னால் எந்தப் பொறியியல் கல்லூரியில் எந்தப் படிப்பு கிடைக்கும் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஜோசியம் எல்லாம் இல்லை. நீள நோட்டு ஒன்றில், வருடா வருடம் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் கட்-ஆஃப் மார்க்கைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற பிள்ளையின் மார்க்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். என்னிடம் மூன்று பதில்கள் உண்டு. கிடைக்கும், கிடைக்கலாம், சிரமம். நாலாவது பதில் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

கலந்தாய்வு வருவதும் குற்றாலத்தில் சீசன் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். மலை முழுக்க மேகம் இறங்கியிருக்கும். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வரும். அதில் சாரல் தூளாக வந்து முகத்தில் ஒட்டும். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, பகலும் சாயங்காலம் மாதிரியே இருக்கும். அந்த அரைத் தூக்கத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நாலு வருடம் தீர்மானமாகிறது.

இதில் எங்கள் ஆட்கள் தவறாமல் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கணினியில் கல்லூரிகளை வரிசையாகப் போட வேண்டும். அது மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். இந்த மார்க்குக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே ஆசைப்பட்டதை மேலே போட வேண்டும். கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை, அடுத்த வரிக்கு வரும். எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஆட்கள் நிச்சயமாகக் கிடைக்கிற பக்கத்து ஊர்க் கல்லூரியைத்தான் முதல் வரியில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"எடுத்த எடுப்புலயே பெருசா கேட்டா கம்ப்யூட்டரு கோவிச்சுக்கிடாதா டீச்சர்? உள்ளதும் போயிருமே" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

"கம்ப்யூட்டர் என்ன உங்க சம்பந்தியா அண்ணாச்சி, கோவிச்சுக்கிட?" என்றேன்.

போன வருடம் என் மகளின் முறை வந்தது.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்று சில மாதங்களில் சொல்ல மாட்டார். மகள் சின்ன வயதிலிருந்தே என் போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவைத் தேடுவாள். வெள்ளை வெள்ளையாக மலைகள் வரும். "இங்கன இருப்பாங்களாம்மா?" என்பாள். பிறகு விரலால் இழுத்து இழுத்து எங்கள் ஊருக்கு வருவாள். மேலேயிருந்து பார்த்தால் காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் சரியாகத் தெரியாது, தரையில் விழுந்த அதன் நிழல்தான் தெரியும். எங்கள் மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி ஒரு புள்ளியாக இருக்கும். அந்தப் படத்தில் எப்போதும் வெயில்தான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கும், அவள் கையில் இருக்கிற தென்காசியில் மட்டும் வெயிலடிக்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ மத்தியானங்களைப் போக்கியிருக்கிறோம்.

அப்படிப் பார்த்துப் பார்த்து, அந்தப் படங்களிலிருந்து வரைபடம் செய்கிற படிப்பையே படிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது அவளுக்கு. என் நோட்டின்படி அது இருப்பது சென்னையில் உள்ள ஒரே ஒரு பெரிய கல்லூரியில். நோட்டைப் புரட்டினேன். முந்தின வருடம் அங்கே கடைசியாக இடம் கிடைத்த பிள்ளைக்கும் இவளுக்கும் ஒன்றரை மார்க் இடைவெளி. ஊரார் பிள்ளையாக இருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பேன், சிரமம் என்று. இவளிடம் "பாப்போம்" என்றேன்.

வரிசை போடக் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குள் இனி மாற்ற முடியாதபடி அதைப் பூட்ட வேண்டும். காலையில் அவள் மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள்.

"நீயே போடும்மா. ஊருக்கெல்லாம் போடுத, எனக்குப் போட மாட்டியா?"

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஒவ்வொரு கல்லூரிக்குப் பக்கத்திலும் மேலே பார்த்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அழுத்தினால் அது ஒரு படி ஏறும். சென்னைப் படிப்பு முதல் வரியில் இருந்தது. திருநெல்வேலியில் ஒரு கல்லூரி ஏழாவது வரியில். அங்கே அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும். தினமும் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அம்புக்குறியை ஆறு தடவை அழுத்தினேன்.

பொய் சொல்ல மாட்டேன், தெரிந்துதான் அழுத்தினேன். அது என்ன செய்யும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எப்படியும் சென்னை கிடைக்கப் போவதில்லை, எந்த வரியில் இருந்தால் என்ன என்று மனதுக்குள் ஒரு சமாதானம். கிடைக்கப் போவதில்லை என்றால் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று என் மாணவி யாராவது கேட்டிருந்தால் அவளை மெச்சியிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. ஒருத்தர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் வருடக்கணக்காகப் படத்தில் தேடியாயிற்று. இன்னொருத்தியையும் அப்படித் தேட என்னால் முடியாது என்று தோன்றியது. வரிசையைச் சேமித்தேன். பூட்ட மட்டும் மனம் வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். சாரல் ஜன்னல் கம்பியில் சேர்ந்து சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. கனவில் எங்கள் வீட்டை மேலேயிருந்து பார்க்கிறேன். மொட்டை மாடி, நீலத் தொட்டி, கொடியில் துணி. ஒரு பொம்பளை தனியாக நின்று துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவள் நிமிரவே இல்லை.

கதவைத் தட்டுகிற சத்தத்தில் விழிப்பு வந்தது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து என் மாணவியின் அப்பா வந்திருந்தார். சூரியகாந்தி போட்டிருக்கிறார். பூ பூத்துவிட்டால் படமெடுக்க வருகிறவர்களை வரப்பிலிருந்து விரட்டுவதற்கே அவருக்குப் பொழுது சரியாக இருக்கும். அன்றைக்கு அதையும் விட்டுவிட்டு, போனைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, மகளை பைக்கில் பின்னால் உட்காரவைத்து நனைந்து வந்திருந்தார்.

அந்தப் பிள்ளையின் வரிசையைப் பார்த்தேன். பக்கத்து ஊர்க் கல்லூரி முதல் வரியில். அவள் ஆசைப்பட்ட கோயம்புத்தூர்க் கல்லூரி நாலாவதில். நோட்டின்படி கோயம்புத்தூர் அவளுக்குக் கிடைக்கலாம். எனக்கு வந்ததே கோபம்.

"கிடைக்கக்கூடியத நீங்களே தட்டி விடுதிய அண்ணாச்சி! இது யாரு போட்ட வரிசை?"

"நாந்தான் டீச்சர்." அவர் தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "கண் மறைவா போயிருவாளேன்னு நெனச்சேன்."

"உங்க கண்ணுக்காகவா அவ இவ்வளவு படிச்சா?" என்றேன்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோயம்புத்தூரை மேலே ஏற்றி, பூட்டுவதற்காக அவர் போனுக்கு வந்த ரகசிய எண்ணைப் போட்டுப் பூட்டிக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"நம்ம பிள்ளைக்கு எத மேல போட்டிருக்கீய டீச்சர்?"

"சென்னை" என்றேன்.

பைக் சத்தம் தெருமுனை தாண்டுகிறவரை அங்கேயே நின்றேன். இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை. மணி நாலரை ஆகியிருந்தது. உள்ளே வந்து மடிக்கணினியைத் திறந்தேன். பின்னால் மகள் நிற்பது திரையில் நிழலாகத் தெரிந்தது.

"நான் அப்பவே எறங்கி வந்து பாத்துட்டேம்மா" என்றாள்.

"பாத்துட்டு ஏன்ட்டி சும்மா இருந்த?"

"அப்பாவும் அங்கன, நானும் அங்கனன்னா நீ தனியால்லா இருப்ப. அதான், இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

நான் ஏற்றிய ஆறு படியையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு மத்தியானம் எனக்கு ரசம் ஊற்றியிருக்கிறாள், அப்பளம் உடைத்துப் போட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"ஏட்டி, நான் என்ன சின்னப் பிள்ளையா, நீ எனக்குக் காவல் இருக்க?" என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சென்னைப் படிப்பு இரண்டாவது வரிக்கு இறங்கி இருந்தது. அம்புக்குறியை அவளையே அழுத்தச் சொன்னேன். ஒரே ஒரு தடவை.

சாரல் நாளில் வீட்டுக்குள் என் போனுக்கு மட்டும் சிக்னல் இருக்காது. பூட்டுகிற எண் வருவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினோம். நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எண் வந்தது. அவள் வாசித்தாள், முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த மடிக்கணினியில் நான் போட்டேன். மலை இருந்த இடத்தில் வெறும் மேகம்தான் இருந்தது. இரண்டு பேரும் நன்றாக நனைந்துவிட்டோம், உடனே இறங்கவும் தோன்றவில்லை.

சில நாட்களில் ஒதுக்கீடு வந்தது. சென்னை. என் நோட்டு தப்பு, என் கணக்கு தப்பு. அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தபோது நானும் குதித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

அவளைச் சென்னையில் விட்டுவிட்டு வந்தபிறகு, வழக்கம்போல அந்த வருடத்துக் கடைசி மார்க்குகளை நோட்டில் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்து சென்னைப் படிப்புக்கு வந்தேன். எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவருடைய மார்க் அவளுடைய மார்க். அரையோ காலோ வித்தியாசம் இல்லை. கடைசியாக உள்ளே போனவள் அவள்தான். இத்தனை வருடமாக நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் வெறும் எண் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு வீடு காலியாகியிருக்கிறது. முன்பக்கங்களையெல்லாம் மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன்.

இந்தச் சீசனில் ஒரு பெண் பிள்ளை வந்தாள். அதே படிப்பு, அதே கல்லூரி. என் மகளைவிட ஒரு மார்க் குறைவு. பின்னால் அவள் அம்மா குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு நின்றாள். நோட்டில் அந்த வரியில் விரலை வைத்தேன்.

"சிரமம்தான். ஆனா முதல் வரியில போடு" என்றேன்.

பிள்ளை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "கிடைச்சிருமா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"கிடைச்சாலும் கிடைச்சிரும். உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் காப்பி போட உள்ளே போனேன்.