நாற்பது அடிக்கு ஒரு கோடு

வெர்னா டோலஃப்சன் மேஜையை விட்டு எழுந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழங்கால் போன பிறகு மலை ஏறவில்லை, அவ்வளவுதான். வாஷிங்டன் மாநிலத்தின் இந்த மூலையில் உள்ள ஒவ்வொரு சரிவையும் எங்கள் மாவட்ட நில அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே படித்தவள். பதினான்கு வருஷமாக அவளுக்குப் பக்கத்து மேஜை என்னுடையது.

விமானப் படம் வந்தால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பிவிடுவாள். இங்கே வெயில் தெற்கிலிருந்து விழும். வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் நிழல் மேல்நோக்கி விழுந்து, கண் ஏமாந்து பள்ளத்தை மேடு என்று சொல்லும். புதிதாக வந்த ஒருவன் ஓடையை முகடு என்று நினைத்து அதன்மேல் நடைபாதை வரைந்துவிட்டான். "அதுல நடக்கப் படகு வேணுமேப்பா" என்றாள் வெர்னா.

அவள் அண்ணன் எல்டன் மரம் அறுக்கும் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குளோவர் ஆற்றுக்கு மேலே, செங்குத்தான சரிவின் நடுவில் சமமாகக் கிடந்த ஓர் இடத்தை வாங்கினார். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை அவர் மனைவி டோரிஸ் முடிவு செய்துவிட்டாள். வாங்கும்போது தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? மாவட்ட வரைபடத்தில் அந்த இடம் ஆற்றின் பழைய கரை, கெட்டி நிலம் என்று இருந்தது. இருபது வருஷம் முன்பு அதை வரைந்தவளே வெர்னாதான்.

எல்டன் வீடு கட்ட அனுமதி கேட்டு எழுதிய அதே மாதம் புதுப் படங்கள் வந்தன. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி, கணினியில் மரங்களை நீக்கி, வெறும் தரையைக் காட்டும் படங்கள். மொட்டையடித்த தலையில் தழும்பெல்லாம் தெரிகிற மாதிரி தெரிந்தது.

வெர்னா என்னைக் கூப்பிட்டாள். "இது என்னன்னு சொல்லு. எந்த இடம்னு கேக்காதே."

மேலே அரைவட்டமாக ஒரு வெட்டு. அதன் கீழே கரடுமுரடான தளம், ஆற்றுப் பக்கம் சாயாமல் மலைப் பக்கம் சாய்ந்திருந்தது.

"ஆறு போட்ட தளம் இப்படி இருக்காது. மலை சரிஞ்சு வந்து உக்காந்திருக்கு" என்றேன்.

"எல்டன் இடம்."

அவள் பழைய காகித வரைபடத்தை விரித்தாள். அதில் நாற்பது அடி உயரத்துக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கி வந்து, நடுவில் விலகி, மறுபடி நெருங்கின. விலகினால் சமதளம், கீழே ஆறு, ஆகவே பழைய கரை. அந்த வெட்டு முப்பது அடிகூட இல்லை. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. யாராக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

"நேர்ல போய்ப் பாத்திருக்கலாம். அப்ப முழங்கால் நல்லாத்தான் இருந்துச்சு."

சொந்தக்காரர் விண்ணப்பத்தை அவள் தொடக்கூடாது என்பது விதி. கோப்பு என்னிடம் வந்தது. "நான் முடியாதுன்னு எழுதி அனுப்பிடறேன். உன் பேரே வராது" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"கையெழுத்து நீ போடு. தப்புப் பண்ணினது நான்னு அவன்கிட்ட நான்தான் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து எல்டன் வீட்டுக்குக் காபிக்குப் போனாள். அங்கே நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னாள். மேஜைமேல் வீட்டின் வரைபடம் விரிந்து கிடந்ததாம். இவள் சொல்லி முடித்ததும் எல்டன் கேட்டிருக்கிறார்:

"கண்டிப்பா சரியுமா?"

"தெரியாது. ஆயிரம் வருஷம் அப்படியே கிடக்கலாம். இந்த மழைக்கே இறங்கலாம்."

"அப்ப இப்பவும் உனக்குத் தெரியலை."

"நீங்க ரெண்டு பேரும் அங்க படுத்துத் தூங்கினா எனக்குத் தூக்கம் வராது. அது தெரியும்."

டோரிஸ் வரைபடத்தைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

அனுமதி இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதன் பிறகு நான்கு வருஷம் எல்டன் தங்கையோடு பேசவில்லை. அந்த இடமும் அசையவில்லை. "என்ன வெர்னா, உன் மலை இன்னும் கல்லு மாதிரி நிக்குதே" என்று சாப்பாட்டுக் கடையில் சீண்டுவார்கள். "நிக்கட்டும்" என்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமழை பெய்யும்போதெல்லாம் அது கொஞ்சம் சரிந்தால் தேவலை என்று நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். அன்று முழுக்க வெர்னா என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன அக்டோபரில் எல்டன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அந்த இடம் ஒரு அங்குலம்கூட நகரலை" என்றார்.

"தெரியும். புதுப் படம் வந்தா அதைத்தான் முதல்ல பாக்கறேன்" என்றாள் வெர்னா.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மகள் காரின் வீடு கட்ட ஓர் இடம் பார்த்திருக்கிறாளாம். நான் கையை நீட்டினேன். அவர் காகிதத்தை என்னிடம் தரவில்லை.

"எல்டன், உங்க வீட்டு அனுமதியை நான் தொடக்கூடாது. விதி" என்றாள் வெர்னா.

"அனுமதி கேக்க வரலை. அவ இன்னும் வாங்கலை. வாங்கலாமான்னு நீ சொல்லு."

வெர்னா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு தன் பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள்.